கார்ப்ஸ் ரிவைவர் எண் 2: ஒரு பழைய பானத்தில் தொலைந்தது எது?

லண்டன் சவாய் ஓட்டலின் ‘அமெரிக்கன் பார்’ மதுக்கூடத்தில் பணியாற்றிய ஹாரி கிராடக், 1930இல் ‘சவாய் காக்டெயில் புக்’ என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 750 பானங்களின் செய்முறைகள் கொண்ட அந்த நூலில் ‘கார்ப்ஸ் ரிவைவர் எண் 2’ என்ற பானத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறியது. உலர் ஜின், குவான்ட்ரோ, கினா லில்லே, எலுமிச்சைச் சாறு ஆகிய நான்கும் வைன் கிண்ணத்தில் கால் பங்கு வீதம். அப்சிந்த் ஒரு சொட்டு. எல்லாவற்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்து ஊற்ற வேண்டும். அளவு இருக்கிறது, முறை இருக்கிறது, பொருள்களின் பெயரும் இருக்கிறது. ஆனாலும் இன்று இந்தச் செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற யாராலும் இயலாது. ஐந்து பொருள்களில் ஒன்றான அப்சிந்த் பல நாடுகளில் ஏறத்தாழ நூறாண்டு சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. இன்னொன்றான கினா லில்லே அந்தப் பெயரிலேயே இப்போது கடைக்கு வருவதில்லை. காக்டெயில் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் இழப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அப்சிந்த் தடைசெய்யப்பட்டதால் இந்தப் பானம் செத்தது, தடை நீங்கியதால் உயிர்பெற்றது என்பது அவர்கள் சொல்லும் கதை. செய்முறையின் அளவுகளையும் பொருள்களின் இயல்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. சட்டம் போட்டுத் தடுத்த பொருளைவிட, சத்தமே இல்லாமல் மாறிப்போன பொருள்தான் இந்தக் கிண்ணத்தின் சுவையை அதிகம் மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பானத்தின் பின்னணி. ‘கார்ப்ஸ் ரிவைவர்’ (பிணத்தை எழுப்புவது) என்ற பெயர் கிராடக் சூட்டியதன்று. முந்தைய இரவின் குடிமயக்கத்தைத் தெளிவிக்கக் காலையில் அருந்துவதாகச் சொல்லப்பட்ட பானங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஆங்கில நாட்டில் அந்தப் பெயர் வழங்கிவந்தது. 1871இல் லண்டனில் வந்த ஒரு விருந்துக் கையேட்டில் பிராந்தியை அடிப்படையாகக் கொண்ட ஒரு வடிவம் காணப்படுகிறது. கிராடக்கின் நூலிலுள்ள எண் 1கூட பிராந்தி, ஆப்பிள் பிராந்தி, இத்தாலிய வெர்முத் சேர்ந்த கனமான கலவைதான். எண் 2 மட்டும் முற்றிலும் வேறு திசையில் போகிறது: வெளிர் நிறம், புளிப்பு, மெல்லிய கசப்பு, மேலே ஒரு மூலிகை மணம். இதை யார் முதலில் கலந்தார் என்பதைவிட, எங்கே, எப்போது அது அச்சேறியது என்பதே நமக்கு முக்கியம். கிராடக் பிறப்பால் ஆங்கிலேயர். அமெரிக்காவில் தொழில் கற்று, 1920இல் அங்கே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் லண்டன் திரும்பியவர். அமெரிக்க முறைக் கலவைக் கலையும் ஐரோப்பாவின் எல்லாச் சீசாக்களும் ஒரே மேசையில் கிடைத்த இடம் அன்றைய லண்டன். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் தடைசெய்த அப்சிந்தைப் பிரிட்டன் ஒருபோதும் தடைசெய்யவில்லை. ஆகவே 1930இல் கிராடக் ‘அப்சிந்த்’ என்று எழுதியது பழைய ஏக்கமோ அலங்காரமோ அன்று.

அப்சிந்தின் வரலாறு பெரிதாகச் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. அது உண்மையிலேயே பெரிய கதை. ஆர்டெமிசியா அப்சிந்தியம் என்ற கசப்புச் செடி, பச்சை அனிஸ் விதை, பெருஞ்சீரகம் ஆகிய மூன்றையும் வலுவான சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பதே அப்சிந்த். (அந்தச் செடி நம் மாலைகளில் சேரும் மருக்கொழுந்தின் இனம்தான், இரண்டுக்கும் தாவரவியலில் ஒரே பேரினப் பெயர்.) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கூவே ஊரில் தொடங்கிய தொழில், 1805இல் எல்லை தாண்டிப் பிரான்சின் பொன்தார்லியே நகரில் பெர்னோ குடும்பத்தின் ஆலையாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது வைன் விலை ஏறியது. பீட்ரூட்டிலும் தானியத்திலும் வடித்த மலிவான சாராயத்தால் செய்த அப்சிந்த் அந்த இடத்தைப் பிடித்தது. 1901 ஆகஸ்டில் மின்னல் தாக்கிப் பெர்னோ ஆலை பற்றியெரிந்தபோது, தொட்டிகளில் இருந்த அப்சிந்தைத் தொழிலாளர்கள் தூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். சில நாளில் தொலைவிலுள்ள லூ ஆற்றின் ஊற்றில் அதே மணம் வீசியது. இரண்டு ஆறுகளுக்கும் நிலத்தடியில் தொடர்பு உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது. நிலநீரியல் ஆய்வுக்கு ஒரு மதுபானம் இவ்வளவு உதவியது வேறெங்கும் நடந்திராது.

அந்தச் செல்வாக்கே அதற்குப் பகையையும் தேடிக்கொடுத்தது. வைன் விளைவிப்போரும் மதுஎதிர்ப்பு இயக்கத்தாரும், வழக்கமாக ஒன்றுசேராத இரு தரப்பு, அப்சிந்துக்கு எதிராக ஒரே அணியில் நின்றார்கள். பாரிஸ் மனநல மருத்துவர் வாலன்தான் மான்யான், அந்தச் செடியின் எண்ணெயை விலங்குகளுக்குக் கொடுத்து வலிப்பு வருவதைக் காட்டினார். 1905 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கொமுன்யி கிராமத்தில் ஜான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் குடித்த வைனும் பிராந்தியும் ஏராளம்; அப்சிந்த் இரண்டு கிண்ணம் மட்டுமே. குற்றம் சுமத்தப்பட்டதோ அப்சிந்தின் மேல். 1908இல் சுவிஸ் மக்கள் வாக்களித்து அதைத் தடுத்தார்கள். தடை 1910இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1912இலும், போர்க்காலப் பிரான்ஸ் 1915 மார்ச்சிலும் தொடர்ந்தன.

இந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட அறிவியல் காரணம் தூஜோன் என்ற வேதிப்பொருள். அது மூளையின் காபா ஏற்பிகளைத் தடுத்து, போதிய அளவில் வலிப்பை உண்டாக்கவல்லது என்பது மெய். கேள்வி அளவைப் பற்றியது. 1989இல்கூட, செடியின் எண்ணெய் விகிதத்திலிருந்து கணக்கிட்டு, பழைய அப்சிந்தில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் அளவுக்குத் தூஜோன் இருந்திருக்கலாம் என்று எழுதப்பட்டது. 2008இல் லாக்கன்மையர் குழுவினர் தடைக்கு முந்தைய 13 சீசாக்களைத் திறந்து நேரடியாக அளந்தபோது கிடைத்தவை லிட்டருக்கு 0.5 முதல் 48.3 மில்லிகிராம் வரை, சராசரி 25.4. இன்றைய ஐரோப்பிய உச்சவரம்பான கிலோவுக்கு 35 மில்லிகிராமை ஒட்டிய அளவுகள்தான் இவை. இந்த ஆய்வை எதிர்த்து இரண்டு கேள்விகள் எழுப்பலாம். நூறாண்டு சீசாவில் கிடந்ததில் தூஜோன் சிதைந்திருக்காதா என்பது ஒன்று. அதே குழு மறு ஆண்டு புற ஊதா ஒளியைப் பாய்ச்சிச் சோதித்து, அன்று வழக்கிலிருந்த பச்சைக் கண்ணாடிச் சீசாவில் தூஜோன் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்று காட்டியது. ஆய்வாளர்களில் அப்சிந்த் தயாரிப்பில் ஈடுபட்டவரும் இருந்தாரே என்பது மற்றொன்று. இது கவனிக்க வேண்டிய எச்சரிக்கைதான். ஆனால் முந்தைய மதிப்பீடு தாளில் போட்ட கணக்கு. பிந்தையது கருவியால் அளந்தது. பின்னதை மறுக்க வேண்டுமானால் மறு அளவீட்டால்தான் மறுக்க முடியும். அந்த மறுப்பு வரும்வரை, பழைய அப்சிந்த் இன்றைய அப்சிந்திலிருந்து இந்த வகையில் பெரிதும் வேறுபட்டதன்று என்றே கொள்ள வேண்டும்.

இப்போது அந்த ஒரு சொட்டுக்கு வருவோம். மதுக்கூடங்களில் ஒரு சொட்டு என்று சொல்வது கண்ணீர்த் துளியளவு அன்று. சீசாவை ஒருமுறை சாய்த்து உதறும்போது விழுவது, ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். இன்று வழக்கமாக மற்ற நான்கும் 22 மில்லிலிட்டர் வீதம் எடுக்கப்படுகின்றன. ஆக மொத்தம் 88. அதில் அப்சிந்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். லிட்டருக்கு 35 மில்லிகிராம் தூஜோன் உள்ள அப்சிந்தானால் கிண்ணத்துக்குள் போவது 0.035 மில்லிகிராம். 260 என்ற மிகைப்பட்ட மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும் 0.26 மில்லிகிராம்தான். ஆக, இந்தப் பானத்தில் அப்சிந்த் மயக்கத்துக்காகவோ மருந்துக்காகவோ இல்லை, மணத்துக்காக இருக்கிறது. மணம் பரும அளவைப் பொறுத்ததன்று. சாம்பாரில் பெருங்காயம்போல, அளவில் எள்ளத்தனையாக இருந்தாலும் அது இல்லாத குறை உடனே தெரியும். அனிஸ் விதையின் அனெத்தோல் மூக்குக்கு முதலில் எட்டுகிறது. அதன் பின்னணியில் கசப்புச் செடியின் பச்சை வாடை எழுகிறது.

அப்படியானால் அப்சிந்த் இல்லாத காலத்தில் இந்தச் சொட்டுக்குப் பதில் என்ன ஊற்றினார்கள்? பிரான்சில் தடைக்குப் பின் வந்த அனிஸ் மதுக்கள். 1932இல் மார்சேயில் போல் ரிக்கார் விற்கத் தொடங்கிய பாஸ்டிஸ். மதுவிலக்கு முடிந்தபின் 1934இல் நியூ ஆர்லியன்ஸில் வந்த எர்ப்சாந்த். இவற்றில் அந்தக் கசப்புச் செடி கிடையாது. பாஸ்டிஸில் அனெத்தோல் பெரும்பாலும் அன்னாசிப்பூவிலிருந்து வருகிறது, அதிமதுரமும் உண்டு, சர்க்கரையும் உண்டு. தூய்மைவாதிகள் பாஸ்டிஸை இந்தப் பானத்தில் சேர்ப்பதைக் கடுமையாக மறுக்கிறார்கள். இனிப்பு சமநிலையைக் குலைக்கும், சாராய வலிமை போதாது என்பது அவர்களின் காரணம். கணக்கு அவர்களுக்கு உதவவில்லை. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை இருந்தாலும் ஒரு சொட்டில் வருவது 0.1 கிராம். 68 விழுக்காடு சாராயத்துக்கும் 45 விழுக்காடு சாராயத்துக்கும் ஒரு மில்லிலிட்டரில் உள்ள வேறுபாடு கால் மில்லிலிட்டர்கூட இல்லை. பாஸ்டிஸ் ஊற்றினால் உண்மையில் இழப்பது ஒன்றுதான்: அனிஸ் மணத்துக்குப் பின்னால் வரவேண்டிய அந்தப் பச்சைக் கசப்பு வாடை. அது இழப்பே, நல்ல அப்சிந்த் கிடைக்கும் இடத்தில் பாஸ்டிஸை நாட நான் சொல்லமாட்டேன். ஆனால் பானத்தின் முகம் மாறிப்போகும் அளவுக்கான இழப்பு அன்று. ஒரு நூற்றாண்டின் கொலை வழக்கு, வாக்கெடுப்பு, சட்டம், கள்ளக்கடத்தல் எல்லாம் சேர்ந்து இந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்தது ஒரு மெல்லிய பின்மணத்தை மட்டுமே.

கினா லில்லே விஷயம் அப்படியன்று. அது ஒரு சொட்டு அன்று, கால் பங்கு. 1872இல் போர்தோ அருகேயுள்ள பொதான்சாக் ஊரில் போல், ரேமோன் லில்லே என்ற சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், 1887இல் இந்தப் பானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெள்ளை வைனில் பழத்தோல் ஊறல்களும் சின்கோனாப் பட்டையும் சேர்ந்தது அது. பெயரிலுள்ள ‘கினா’ அந்தப் பட்டையைத்தான் குறித்தது. 1820இல் பெலத்தியே, கவான்து என்ற இரு பாரிஸ் வேதியியலாளர்கள் அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்த பிறகு, காய்ச்சலுக்கான கசப்பு மருந்தை வைனில் கலந்து இனிதாக்கும் முயற்சிகள் பிரான்சில் பெருகின. 1846இல் வந்த துபொன்னே அந்த வழியில் முன்னது, லில்லே பின்னது. இதே குயினைன் வேட்கைதான் 1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுச் சின்கோனாத் தோட்டங்களையும், இலங்கையில் ஹக்கலைத் தோட்டத்தையும் உண்டாக்கியது. காப்பியை இலைநோய் அழித்தபின் இலங்கைத் தோட்டக்காரர்கள் சில காலம் சின்கோனாவை நம்பி வாழ்ந்தார்கள். லண்டன் மதுக்கூடத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுச் சீசாவின் சுவைக்கும் நம் மலைகளின் வரலாற்றுக்கும் பின்னணியில் நின்றது ஒரே மரம்.

1986இல் லில்லேயின் கலவை மாற்றியமைக்கப்பட்டது. ‘கினா’ என்ற சொல்லும் பெயரிலிருந்து விலகி, இன்று கிடைப்பது ‘லில்லே பிளாங்’. இதற்கு எந்த நாடாளுமன்றமும் கூடவில்லை, எந்தச் சுவரொட்டியும் ஒட்டப்படவில்லை. கினா சேர்ந்த மதுவின் மீதான நாட்டம் மங்கி, இலகுவான பழமணப் பானங்களை மக்கள் விரும்பிய காலம் அது. நிறுவனம் காலத்துக்கேற்ப மாறியது, அதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் இந்தக் காக்டெயிலில் அதன் விளைவைக் கணக்குப் பார்க்க வேண்டும். குவான்ட்ரோ லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் சர்க்கரை கொண்டது. 22 மில்லிலிட்டரில் 5 கிராமைத் தாண்டும். லில்லேயும் தன் பங்குக்கு இனிப்புச் சேர்க்கிறது. எதிர்ப்புறத்தில் எலுமிச்சைச் சாறு; அதில் சிட்ரிக் அமிலம் 6 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், 22 மில்லிலிட்டரில் 1.3 கிராம் வரும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஜின் தன் ஜூனிபர், கொத்தமல்லி விதை மணங்களோடு இவற்றுக்கு முதுகெலும்பாகிறது. இந்த மூன்றும் மட்டும் சேர்ந்தால் கிடைப்பது ‘வைட் லேடி’ என்ற, கிராடக் நூலிலேயே உள்ள வேறொரு பானம். அதிலிருந்து நம் பானத்தைப் பிரித்துக் காட்டுவது கினா லில்லேயின் கசப்புத்தான். இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே அந்தக் கசப்பு வந்து நாக்கை நிறுத்திவைக்கவில்லையென்றால், கால் பங்கு வைன் கலந்து நீர்த்துப்போன வைட் லேடியாகத்தான் அது முடியும். இன்று பல மதுக்கூடங்களில் இந்தப் பெயரில் கிடைப்பது அதுவே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். 1986 மாற்றம் கசப்பைக் குறைத்ததா, இனிப்பையும் பழமணத்தையும் மட்டும் மாற்றியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய லில்லே அவ்வளவு கசப்பானதே இல்லை என்போரும் இருக்கிறார்கள். பழைய சீசாக்களைத் திறந்து சுவைத்துப் பார்த்தோம் என்று இரு தரப்பும் சொல்கின்றன. அந்தச் சான்றை நான் ஏற்கத் தயங்குகிறேன். அப்சிந்த் 68 விழுக்காடு சாராயம். நூறாண்டு கிடந்தாலும் அதன் வேதியியல் பெரும்பாலும் நிலைத்திருக்கும், அதனால் சீசாச் சான்று அங்கே செல்லும். லில்லேயோ 17 விழுக்காட்டளவு சாராயமுள்ள வைன். ஆண்டுகள் போகப் போக ஆக்சிஜனேற்றத்தால் நிறம் பழுப்பேறும், பழமணம் உலர்ந்துபோகும். எஞ்சும் கசப்பு தன் உண்மையான அளவைவிடத் தூக்கலாகத் தெரியும். எனவே கசப்பு அதிகம் என்று சொல்பவர்களுக்கும் அந்தச் சீசா சரியான சாட்சியன்று. இங்கே செய்முறை நூலின் உள்சான்று மேலானது. கிராடக்கின் மேசையில் கசப்புக் குறைந்த வெள்ளை வைன் வகையான பிரெஞ்சு வெர்முத் எப்போதும் இருந்தது. நூலின் பக்கத்துக்குப் பக்கம் அது வருகிறது. அது இருந்தும் இந்தச் செய்முறையில் கினா லில்லேயைப் பெயர் சொல்லிக் குறித்தது, வெர்முத் தராத ஒன்றை அது தந்ததால்தான். இயன் ஃப்ளெமிங் 1953இல் வந்த ‘கசீனோ ராயல்’ நாவலில் நாயகன் கேட்கும் பானத்திலும் மூன்று பங்கு ஜின்னுக்கும் ஒரு பங்கு வோட்காவுக்கும் அரைப் பங்கு கினா லில்லேதான் வருகிறது. அத்தனை வலுவான சாராயத்தின் நடுவே அரைப் பங்காக நின்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமானால், அது சாதுவான பானமாக இருந்திருக்க இயலாது.

மற்றொரு மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. மூலப்பொருள் ஒன்றே இல்லையென்றபின் பழைய பெயரை ஏன் சுமக்க வேண்டும், வேறு பானம் என்று ஒப்புக்கொண்டு வேறு பெயர் வைக்கலாமே என்பது அது. இந்த வாதத்தின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் அளவுகோல்தான் ஏற்புடையதாக இல்லை. கிராடக் காலத்திலேயே ஒவ்வொரு வடிசாலையின் ஜின்னும் வேறு. எலுமிச்சைகூட பருவத்துக்குப் பருவம் புளிப்பு மாறும். அன்று லண்டனின் ஒரு மதுக்கூடத்தில் கிடைத்த பானமும் அடுத்த தெருவில் கிடைத்ததும் ஒரே சீசாக்களிலிருந்து வந்தவையாக இருந்திருக்காது. பொருளின் முழு ஒற்றுமையைக் கேட்டால் 1930இலேயே இந்தப் பெயரில் ஒரே பானம் இருந்ததில்லை என்றாகிவிடும். பொருள் தனக்குரிய இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதையே நாம் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அந்த அளவுகோலில் பாஸ்டிஸ் ஏறக்குறைய தேர்ச்சி பெறுகிறது. லில்லே பிளாங் தேர்ச்சி பெறவில்லை. இத்தாலியின் ஆஸ்தி நகரில் ஜூலியோ கொக்கி 1891இல் உருவாக்கிய கொக்கி அமெரிகானோ, பெயராலும் நாட்டாலும் வேறாக இருந்தும், சின்கோனாவும் ஜென்ஷியன் வேரும் தரும் கசப்பால் கினா லில்லேயின் இடத்தில் பொருந்தி நிற்கிறது. தன் பெயரின் வாரிசைவிட அயலூரான் நெருக்கமாக இருப்பது விந்தையாகத் தோன்றலாம். நாக்கு பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

சுவை நன்றாக இருந்தால் போதும், வரலாறு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். டெட் ஹேக் 2004இல் வெளியிட்ட, மறக்கப்பட்ட காக்டெயில்கள் பற்றிய நூலில் இந்தப் பானத்தையும் சேர்த்தார்; அடுத்த சில ஆண்டுகளில் அது உலக மதுக்கூடங்களுக்குத் திரும்பியது. அப்சிந்துக்கு 2005இல் சுவிட்சர்லாந்திலும் 2007இல் அமெரிக்காவிலும் கதவு திறந்தது அதற்குத் துணையாயிற்று. ஆனால் திரும்பி வந்தபோது எல்லோர் கண்ணும் அப்சிந்தின் மீதே இருந்தது. விளைவு, கிண்ணத்தில் அப்சிந்தின் அளவு ஏறியது. ஒரு சொட்டு இருக்க வேண்டிய இடத்தில் கரண்டிக் கணக்கில் ஊற்றி, மற்ற நான்கையும் அனிஸ் மணத்தில் மூழ்கடிப்பவர்கள் இன்றும் உண்டு. தொலைந்ததாக நம்பியதை மிகையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையில் தொலைந்த கசப்பை அவர்கள் தேடவில்லை. வரலாற்றைத் தவறாகப் படித்ததன் விளைவு நேராக நாக்கில் தெரிகிற இடம் இது. சுவையை மட்டும் நம்புபவருக்கும் அதனால்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

உடல்நலம் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. ஜின்னும் குவான்ட்ரோவும் 40 விழுக்காடு, லில்லே 17 என்று வைத்தால், 22 மில்லிலிட்டர் வீதம் எடுத்த ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 22 மில்லிலிட்டர் தூய சாராயம் இருக்கிறது. எடையில் 17 கிராம். அப்சிந்த் சொட்டின் பங்கு அதில் 0.7 மில்லிலிட்டர்கூட இல்லை. மயக்கம் தெளிவிக்கும் என்ற பெயர் மருத்துவத்தில் பொய். குடித்துக் களைத்த உடலுக்கு மேலும் 17 கிராம் சாராயம் தருவது தெளிவன்று. நான்கைத் தொடர்ந்து குடித்தால் எழுந்த பிணம் மறுபடி விழும் என்ற பொருளில் கிராடக்கே செய்முறையின் கீழே எச்சரித்திருக்கிறார். அப்சிந்துத் தடையின் பிழையும் இந்தக் கணக்கில்தான் வெளிப்படுகிறது. லான்ஃப்ரேயின் வீட்டில் நடந்த கொடுமைக்குப் பழி ஒரு செடியின் மீது விழுந்தது. அன்று அவர் குடித்த லிட்டர் கணக்கான வைன் தப்பியது. சாராயத்தின் தீங்கைக் குறைக்க விரும்பிய சட்டம் சாராயத்தைத் தவிர மற்றதைத் தண்டித்தது.

இனி, செய்து பார்க்க விரும்பும் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? நூலிலுள்ள வைன் கிண்ணம் இன்றைய பெரிய கிண்ணம் அன்று. காக்டெயில் கணக்கில் அதை 60 மில்லிலிட்டராகக் கொண்டால் கால் பங்கு 15 மில்லிலிட்டர். இன்றைய 22ஆக அது வளர்ந்தபோது சொட்டு மட்டும் வளரவில்லை. அதனால் சொட்டின் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நூலின் விகிதத்தை விரும்புபவர் ஒன்றரை மில்லிலிட்டர் வரை போகலாம். அதற்குமேல் போக நூலில் இடமில்லை. கிண்ணத்தின் உட்புறத்தை மட்டும் அப்சிந்தால் நனைத்துக் கொட்டிவிடும் இன்றைய வழக்கம் மணத்தை மேலே நிறுத்துகிறது, ஆனால் கிராடக் எல்லாவற்றையும் சேர்த்தே குலுக்கச் சொல்கிறார். அப்போது மணம் பானத்தோடு கரைந்து அடக்கமாகிறது. எனக்கு அவருடைய முறையே சரியெனப் படுகிறது. எலுமிச்சை என்பது மேற்கத்திய மஞ்சள் நிறத் தடித்த தோல் வகை; நம் சந்தையின் சிறிய எலுமிச்சை புளிப்பில் குறைவில்லை என்றாலும் அதன் கூர்மையான தோல்மணம் அப்சிந்தோடு மோதும், அதைப் பயன்படுத்தினால் சாற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். கசப்பு வைனுக்குக் கொக்கி அமெரிகானோ அல்லது சின்கோனா தெளிவாகத் தெரியும் வேறொன்று. அப்சிந்த் கிடைக்காவிட்டால் பாஸ்டிஸ் ஒரு சொட்டு. அதற்காக வருந்த வேண்டியதில்லை.

செய்முறை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கலாம். கிராடக் 1930இல் பொருளின் பெயரை எழுதினார். அந்தப் பெயருக்குள் இருந்தது மாறிவிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வழியில்லை. இன்று எழுதுபவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. சீசாவின் பெயரோடு அதன் சாராய விழுக்காடு, இனிப்பின் அளவு, கசப்பு எந்த மூலிகையிலிருந்து வருகிறது, எந்த ஆண்டுச் சரக்கு, ஒரு சொட்டு என்றால் எத்தனை மில்லிலிட்டர் என்பதையும் எழுதி வையுங்கள்.